கிளி முட்டை மெமோ!

ஆபீஸில் ஒருத்தர் வேலை சரியில்லை என்றால் முதலில் வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். அப்புறம் மெமோ. அப்புறம் ‘ஷோ காஸ்’ நோட்டீஸ், விசாரணை, சஸ்பென்ஷன், யூனியன், லேபர் கோர்ட்... எல்லாம் முடிந்து வேலை போவதற்குள் ஆசாமிக்கு ரிடையர்மென்ட் வயதே வந்துவிடும்!

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. அங்கே இத்தனை பேப்பர் வேலை கிடையாது. வேலை போகவேண்டியவருக்கு ஒரு சின்னப் பார்சல் வரும். திறந்தால் உள்ளே கிளி முட்டை. சில சமயம் அதுகூட இருக்காது. வெறும் காலி சுரைக்குடுக்கை! அவ்வளவுதான் விஷயம். தெய்வத்துக்கும் மக்களுக்கும் மண்ணுக்கும் இனி உன்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வாங்கிக்கொண்டவர் மரியாதையாக உயிரை விட்டுவிட வேண்டும். அப்பீல் கிடையாது.

பார்சல் யாருக்கு என்கிறீர்கள்? குமாஸ்தாவுக்கு இல்லை ஸார்... சாட்சாத் சக்கரவர்த்திக்கு!

ஓயோ சாம்ராஜ்யம். இன்றைய நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும் பக்கத்து நாடான பெனினிலும் பரவி, 17, 18-ம் நூற்றாண்டுகளில் கொடிகட்டிப் பறந்த யொருபா மக்களின் பேரரசு. ஆப்பிரிக்கா என்றாலே காடு, சிங்கம், மரத்துக்கு மரம் தாவும் டார்ஜான் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. அங்கே ஒரு ராஜாவைக் கட்டுப்படுத்த எப்படியெல்லாம் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், பி.காம். படித்தபோது ‘இன்டர்னல் செக்’ என்ற பாடத்தில் கோட்டைவிட்ட எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது!

ஏழு டைரக்டர்கள்

ஓயோ அரசருக்கு ‘அலாஃபின்’ என்று பெயர். ‘அரண்மனைக்குச் சொந்தக்காரர்’ என்று பொருள். தெய்வங்களுக்கு அடுத்தபடியாக அவர்தான். சும்மா சும்மா வெளியே வந்து கையாட்டமாட்டார். வருடத்துக்கு மூன்று திருவிழாக்களில்தான் ஜனங்களுக்குத் தரிசனம். அப்போதும் கிரீடத்திலிருந்து தொங்கும் மணிச்சரங்கள் முகத்தை மறைக்கும்.

அந்த மூன்றில் ஒன்று ‘பேரே’. கூரை வேய்கிற ஒரு வகைப் புல்லின் பெயர் இது. கப்பம் கட்டும் ஊர்களெல்லாம் அரண்மனைக் கூரைக்காக இந்தப் புல்லைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைக்கவேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் மேனேஜர் வீட்டுக்குப் போகும் ஸ்வீட் பாக்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை. யார் கொண்டுவரவில்லை என்பதுதான் முக்கியம்!

இவ்வளவு பெரிய மனிதரைத் தட்டிக்கேட்க ஏழு பிரபுக்கள் கொண்ட ஒரு சபை உண்டு. ‘ஓயோ மேசி’ என்று பெயர். அடுத்த ராஜா யார் என்று அரச குடும்பத்திலிருந்து பொறுக்கியெடுப்பது இவர்கள்தான். கம்பெனி பாஷையில் சொன்னால் போர்டு ஆஃப் டைரக்டர்ஸ். இதற்குத் தலைவர் ‘பஷோருன்’. ராஜா மீது அதிருப்தி எல்லை மீறினால் கிளி முட்டையையோ சுரைக்குடுக்கையையோ அனுப்பிவைக்கும் உரிமை அவருக்குத்தான்.

சரி, ராஜாவைக் கொன்றுவிட்டுக் கூட இருப்பவர்கள் ஜாலியாக இருக்கலாம் அல்லவா? அங்கேதான் ஓயோக்காரர்களின் மூளை.

ராஜா போனால் கூடவே போகவேண்டியவர்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. முதல் பெயர் ‘அரேமோ’ - பட்டத்து இளவரசர்! பழைய காலத்தில் அவர்தான் அப்பாவுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தார். அப்பா எப்போது போவார் என்று காத்திருக்கிற பிள்ளை, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டால்? அதனால் அப்பா போனால் நீயும் போ என்று விதி மாறியது. அதற்கப்புறம் அலாஃபினின் ஆயுளுக்காக ஊரிலேயே அதிகமாகப் பிரார்த்தனை செய்தவர் மூத்த பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்!

பட்டியலில் ராஜாவின் அதிகாரபூர்வத் தாய் உண்டு. குதிரைக்குப் பொறுப்பான ‘ஓலோகுன் எசின்’ உண்டு. அரண்மனையின் மூன்று தலைமை அலிகளில் ஒருவரான ‘ஓசி எஃபா’வும் உண்டு. சில சடங்குகளில் ராஜாவின் உடையைப் போட்டுக்கொண்டு ராஜாவாகவே உட்காருகிறவர் இவர். டூப்ளிகேட் சாவி வைத்திருப்பவர் மாதிரி. ராஜாவுக்கு மிக அருகில் சாப்பாடு, படுக்கை, ரகசியம் எல்லாம் தெரிந்து நடமாடுகிறவர்கள் யாரோ, அவர்கள் உயிரெல்லாம் ராஜாவின் உயிரோடு சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

இந்த ஏற்பாட்டின் மிச்சம் 20-ம் நூற்றாண்டு வரை இருந்தது. 1940-களில் ஒரு அலாஃபின் இறந்தபோது, மரபுப்படி சாகப்போன குதிரை அதிகாரியை பிரிட்டிஷ் அதிகாரி தடுத்துவிட, அவருக்குப் பதில் அவர் மகன் உயிரை விட்டார். இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் வோலே சொயின்கா 1975-ல் ஒரு நாடகம் எழுதினார். 1986-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான்.

ஜெயிக்கணும், இல்லாட்டி...

அடுத்து சேனாதிபதி. பட்டம்: ‘அரே ஓனா ககன்ஃபோ’. அவருக்குக் கீழே எழுபது பெரிய வீரர்கள். பதவியேற்கும்போது அவர் பின்மண்டையில் 201 கீறல்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மருந்து தேய்ப்பார்கள். பயமே வரக்கூடாதாம். (நம் ஊர் இன்கிரிமென்ட் பேச்சுவார்த்தைக்குப் போகும்முன் யாராவது இப்படித் தேய்த்துவிட்டால் தேவலை!)

படை முழுக்க இவர் கையில். ஆகவே இவருக்கும் மூக்கணாங்கயிறு வேண்டாமா? தலைநகரில் அவர் வசிக்கக்கூடாது. தூரத்து மாகாணத்தில்தான் வீடு. போருக்குப் போனால் மூன்று மாதத்துக்குள் ஜெயிக்கவேண்டும். தோற்றால் உயிரோடு வீடு திரும்பக் கூடாது.

கப்பம் கட்டும் ஊர்களைக் கவனிக்க ‘அஜேலே’ என்ற அதிகாரிகள். அவர்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்க்க ‘இலாரி’ என்ற தூதர்கள். இவர்கள் அரண்மனை அடிமைகள்தான். ஆனால் தலையில் ஒரு பாதியைச் சிரைத்துக்கொண்டு இவர் ஊருக்குள் நுழைந்தாலே பெரிய மனிதர்களுக்கெல்லாம் வியர்க்கும். ஹெட் ஆபீஸிலிருந்து சர்ப்ரைஸ் ஆடிட் வந்தால் கிளை மேனேஜர் முகம் எப்படி ஆகும்? அதேதான்.

ஆக, எல்லார் தலைக்கு மேலும் ஒரு கத்தி. பஷோருன் ராஜாவைப் பார்க்கிறார். ராஜாவின் ஆட்கள் ஊரைப் பார்க்கிறார்கள். ‘ஓக்போனி’ என்று, மண்ணை வணங்கும் முதியோர் சங்கம் ஒன்றும் கூடவே இருந்தது.

குதிரையும் சோழியும்

இதெல்லாம் நடக்கப் பணம்? அங்கேதான் கதையின் இருண்ட பக்கம் ஆரம்பம்.

ஓயோவின் தலைநகர் காட்டுக்குள் இல்லை. வடக்கே புல்வெளிப் பிரதேசத்தில், நைஜர் நதிக்குத் தெற்கே இருந்தது. அதனால் குதிரைப்படை வைத்துக்கொள்ள முடிந்தது. தெற்கே காட்டுப் பகுதியில் செட்சி ஈ கடித்தே குதிரைகள் செத்துப்போகும். குதிரைப்படையை வைத்துத்தான் மேற்கே தஹோமி ராஜ்யத்தை 1720-களில் ஓயோ உருட்டி எடுத்தது. 1730 முதல் சுமார் தொண்ணூறு வருஷம் தஹோமி கப்பம் கட்டியது. வருஷத்துக்கு 41 ஆண்கள், 41 பெண்கள், 41 துப்பாக்கிகள், 400 மூட்டை சோழி என்பது மரபுக் கணக்கு.

சோழி என்றால் நாம் தாயம் ஆடும் அதே சோழிதான்! அதுதான் அங்கே காசு. எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் பக்கத்து மாலத்தீவிலிருந்து. இலங்கை, வங்காளம் வழியாக ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கியது. யொருபா கணக்குப்படி ஒரு சரத்துக்கு 40 சோழி. 50 சரம் ஒரு ‘தலை’. பத்து தலை ஒரு மூட்டை. அதாவது மூட்டைக்கு 20,000. நானூறு மூட்டைக்குக் கால்குலேட்டரைத் தட்டினால் 80 லட்சம் சோழி! எண்ணி முடித்த கேஷியருக்கு என் அனுதாபங்கள்.

ஐரோப்பியர்கள் சோழியை, துணியை, துப்பாக்கியை தர்மத்துக்கா கொண்டுவந்தார்கள்? பதிலுக்கு அவர்கள் கேட்டது மனிதர்களை. ஓயோ அடிமைகளை விற்றது. கடற்கரையில் கிடைத்த சாமான்களைக் கொடுத்து வடக்கே குதிரை வாங்கியது. குதிரை ஏறிப் போர் செய்து இன்னும் மனிதர்களைப் பிடித்தது. ரொட்டேஷன் பணம் மாதிரி இது சுற்றிக்கொண்டே இருந்தது. பாலன்ஸ் ஷீட்டில் லாபம் கொழித்தது. சரக்கு என்ற தலைப்பில் நின்றது ரத்தமும் சதையுமான மனிதர்கள்.

காஹாவின் இருபது வருடம்

1754-ல் காஹா என்பவர் பஷோருன் ஆனார். வந்தவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ராஜாவை வீட்டுக்கு... இல்லை, காட்டுக்கு அனுப்பும் உரிமை தன் கையில். தன்னை அனுப்பும் உரிமை? யார் கையிலும் உருப்படியாக இல்லை!

அவ்வளவுதான், ஆரம்பித்தது ஆட்டம். இருபது வருடத்தில் நான்கு அலாஃபின்கள் காலி. முதலாமவர் ஒழுங்காகப் பட்டம் ஏறுவதற்குள்ளேயே போனார். அடுத்தவர் செய்த குற்றம், காஹாவின் காலில் விழமாட்டேன் என்றது. ராஜா ஒருத்தன் காலில் விழுவதாவது! மாதக்கணக்கில் அவர் கதையும் முடிந்தது. காஹாவின் பிள்ளைகள் மாகாணங்களுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு கப்பத்தை நேராக வீட்டுக்கு அனுப்பினார்கள். ராஜாவுக்கு எதிராக மக்கள் வைத்திருந்த பூட்டு, ஒரு குடும்பத்தின் கல்லாப்பெட்டிச் சாவியாகிவிட்டது.

ஐந்தாவதாக வந்தவர் அபியோதுன். பிழைக்கத் தெரிந்தவர். தினமும் காலையில் காஹா வீட்டுக்குப் போய் விழுந்து கும்பிட்டார். காஹா கேட்ட பணத்தையும் கொடுத்தார். யொருபா மரபுக் கதை ஒன்று சொல்கிறது: காஹாவின் ஒரு சடங்குக்கு ஒரு வகை மான் தேவைப்பட்டதாம். மான் கிடைக்கவில்லை. அந்த மானின் பெயரையே கொண்ட ஒரு பெண் அரண்மனையில் இருந்தாள். அபியோதுனின் செல்ல மகள் அவள். அவளைத் தூக்கிப்போய் பலி கொடுத்துவிட்டார்கள். அப்பா அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

திறக்காத வாய்க்கு உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது 1774-ல் தெரிந்தது. அபியோதுன் இரகசியமாக மாகாணத்திலிருந்த சேனாதிபதி ககன்ஃபோவைப் பார்த்துப் பேசினார். நாள் குறித்தார்கள். காஹாவின் பிள்ளைகள் ஊர் ஊராகக் கொல்லப்பட்டார்கள். படை தலைநகருக்குள் புகுந்தது. அதற்குள் காஹாவுக்கு வயதாகி, கால்கள் விளங்காமல் போயிருந்தன. பிடித்து எரித்துவிட்டார்கள். கொடுமை செய்யத் துணிகிறவனிடம் காஹாவின் சாவை நினைத்துக்கொள் என்று சொல்லும் பழமொழி யொருபாவில் உண்டு.

படம் இங்கே முடிந்திருந்தால் விசிலடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வில்லன் ஒழிந்தான், ஹீரோ சிம்மாசனத்தில். சுபம்! ஆனால் சரித்திரத்தில் ‘சுபம்’ கார்டு போடுவதே இல்லை.

சரியான பில் இப்போதுதான் வருகிறது

அபியோதுன் காலத்தில் ஓயோ வெளியே ஜொலித்தது. கடற்கரையில் போர்ட்டோ நோவோ துறைமுகத்தின் வழியாக அடிமை வியாபாரம் அமோகம். ஆனால் உள்ளே இரண்டு விரிசல்கள் விழுந்துவிட்டன. ஒன்று, காஹாவைத் தீர்த்துக்கட்டியதில் ஓயோ மேசி என்ற சபையின் பல்லும் போயிற்று. அந்த இடத்தில் வேறு பூட்டு எதையும் யாரும் மாட்டவில்லை. இன்னொன்று, தலைநகருக்குள் படையோடு வந்தால் ஆட்சியையே மாற்றலாம் என்பது சேனாதிபதிகளுக்குப் புரிந்துவிட்டது. தலைநகரில் இருக்காதே என்று முன்னோர்கள் எதற்குச் சொல்லியிருந்தார்களோ, அதை ராஜாவே கூப்பிட்டு மீற வைத்தார். அவருக்கு வேறு வழியும் இல்லை.

அபியோதுன் 1789-ல் இறந்ததும் வந்தவர் அவோலே. இவருக்கு ஒரு பழைய பகை. இளவரசராக இருந்தபோது அபோமு சந்தையில் வியாபாரம் செய்தவர். அங்கே கூட்டாளியான சிநேகிதனையே அடிமையாக விற்றுவிட்டு, ஊர்த் தலைவரிடம் சவுக்கடி வாங்கியவர். பட்டத்துக்கு வந்ததும் அந்த ஊரை அழிக்கச் சொன்னார். அபோமுவோ இஃபே நகருக்குச் சொந்தம். இஃபே யொருபாக்களின் ஆதித் தலம். அதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் அலாஃபின் பட்டமேற்பார்!

அப்போதைய ககன்ஃபோ அஃபோன்ஜா. இலோரின் ஊர்க்காரர். அவரை ஒழித்துக்கட்டவும் அவோலே ஒரு வழி வைத்திருந்தார். பலமான கோட்டை கொண்ட இவேரே என்ற ஊரைத் தாக்கு என்று உத்தரவு. தோற்றால்தான் சேனாதிபதி சாகவேண்டுமே! பிடிக்காதவரை எட்டமுடியாத டார்கெட் கொடுத்துத் தூக்குகிற வித்தை, பாருங்கள், 1796-லேயே இருந்திருக்கிறது.

படை கலகம் செய்தது. திரும்பி வந்து தலைநகரை வளைத்தது. அரண்மனைக்குள் போயிற்று, ஒரு காலி சுரைக்குடுக்கை.

அவோலே விதியை மீறவில்லை. ஆனால் போவதற்கு முன் அரண்மனை வாசலில் நின்று மூன்று திசைகளில் மூன்று அம்புகளை எய்தார் என்பது மரபு. அம்பு போன திசையிலெல்லாம் நீங்களும் அடிமையாகப் போவீர்கள் என்று சொந்த ஜனங்களையே சபித்து, கையிலிருந்த மண் தட்டைத் தரையில் போட்டு உடைத்தாராம். உடைந்ததை ஒட்டவைக்க முடியாது என்று அர்த்தம்.

சாபம் பலித்ததா என்று கேட்டால், நான் பகுத்தறிவு பேசப்போவதில்லை. கணக்குதான் பேசுவேன். எல்லாரும் சேர்ந்து அந்தச் சாபத்துக்கு நன்றாகவே உழைத்தார்கள். அஃபோன்ஜா இலோரினைத் தனி நாடாக்கிக்கொண்டார். பலம் வேண்டி அலிமி என்ற ஃபுலானி மதகுருவை வரவழைத்தார். ஓடிவந்த அடிமைகளைத் தன் படையில் சேர்த்துக்கொண்டார். அதே படை 1820-களில் அவரையே கொன்றது. இலோரின், வடக்கிலிருந்த சொக்கோட்டோ இஸ்லாமிய அரசோடு சேர்ந்துவிட்டது.

1826 ஜனவரியில் க்ளாப்பர்டன் என்ற பிரிட்டிஷ் பயணி தலைநகருக்கு வந்தார். எத்தனை மனைவிகள் என்று கேட்டதற்கு, எண்ணிக்கை தெரியாது, ஆனால் கைகோத்து நிற்கவைத்தால் கடற்கரைப் பாதையிலுள்ள இஜன்னா வரை எட்டும் என்றாராம் அலாஃபின். மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்த நேரத்தில் பெருமை பேசிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம் போலிருக்கிறது. 1830-களின் நடுவில் தலைநகரையே காலி செய்துவிட்டு ஓடினார்கள். சுமார் 130 கி.மீ. தெற்கே அடிபா என்ற அலாஃபின் புது ஓயோவை அமைத்தார். பழைய ஓயோ இருந்த இடம் இப்போது ஒரு தேசியப் பூங்கா. மண்சுவர் மிச்சங்கள் காட்டுக்குள் கிடக்கின்றன.

பில்லைக் கட்டியவன்

ராஜா, பஷோருன், ககன்ஃபோ... இவர்கள் சண்டையின் பில்லைக் கட்டியது யார்?

1821. ஓசோகுன் என்ற ஊர். காலை நேரத்தில் படை வந்து வளைத்தது. வந்தவர்களில் ஃபுலானிகளும் இருந்தார்கள், ஓயோக்காரர்களும் இருந்தார்கள். அஜாயி என்ற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். முதலில் அவனைக் கொடுத்து என்ன வாங்கினார்கள் தெரியுமா? ஒரு குதிரை! பிடிக்கவில்லை என்று குதிரை திரும்பி வந்தது, பையனும் திரும்பி வந்தான். பிறகு கை மாறி, கை மாறி, 1822-ல் போர்ச்சுகீசியக் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தான். பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலைப் பிடித்ததால் தப்பித்தான்.

அந்தப் பையன்தான் சாமுவேல் அஜாயி க்ரௌதர். 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். யொருபாவில் பைபிளைக் கொண்டுவந்தவர். ஆனால் ஆயிரமாயிரம் அஜாயிகளுக்கு எந்தக் கடற்படையும் வரவில்லை. அவர்கள் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருகாலத்தில் ஓயோவை ஆண்டதாகச் சொல்லப்படும் இடித் தேவன் ஷாங்கோவை அங்கே இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். சாம்ராஜ்யம் போயிற்று, சாமி மட்டும் கப்பலேறிப் பிழைத்துக்கொண்டது.

இந்தக் கதையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அரண்மனைப் பாணர்கள் தலைமுறை தலைமுறையாக வாயில் வைத்திருந்தார்கள். சாமுவேல் ஜான்சன் என்ற பாதிரியார் கேட்டுக் கேட்டு 1897-ல் எழுதி முடித்தார். இங்கிலாந்துக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் தொலைத்துவிட்டார்! 1901-ல் ஜான்சன் இறந்தார். டாக்டரான தம்பி, அண்ணனின் குறிப்புகளை வைத்து மறுபடி எழுதினார். அதை ஏற்றிப்போன கப்பல் முதல் உலகப்போரில் ஜெர்மானியரிடம் சிக்கியது. ஒருவழியாக 1921-ல் புத்தகம் வெளிவந்தது. இந்த ஜான்சன் யார்? மகளைப் பலி கொடுத்தும் வாய் திறக்காத அபியோதுனின் வம்சம்! தாத்தா மூடிய வாயைப் பேரன் திறந்துவிட்டார் என்று சொல்லலாம்.

பட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ககன்ஃபோ பட்டம் வாங்கிய அரசியல்வாதி அகிந்தோலா 1966 ராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். அடுத்து வாங்கிய கோடீஸ்வரர் அபியோலா 1993 ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தும் ராணுவ அரசு தேர்தலை ரத்து செய்தது. 1998-ல் காவலிலேயே இறந்தார். 2022-ல் அலாஃபின் லமிடி அடெயெமி காலமானார். அடுத்தவர் யார் என்பதில் ஓயோ மேசிக்கும் மாநில ஆளுநருக்கும் இழுபறி. 2025-ல் ஆளுநர் அறிவித்தவர்தான் பட்டமேறினார். ஓயோ மேசியில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து அனுப்பியது கிளி முட்டையை இல்லை... வக்கீல் கடிதத்தை!

ஓயோக்காரர்கள் ராஜாவுக்குப் பூட்டுப் போட்டார்கள். இளவரசருக்குப் போட்டார்கள். சேனாதிபதிக்கும் போட்டார்கள். எல்லாச் சாவிகளையும் கொத்தாகக் கோத்து ஒருவர் இடுப்பில் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனார்கள். உங்கள் சங்கத்தில், ஃபிளாட் அசோசியேஷனில், ஆபீஸ் கோ-ஆபரேடிவ் சொஸைட்டியில் எங்காவது ‘அவரே எல்லாம் பார்த்துப்பார், ரொம்ப நல்ல மனுஷர்’ என்று யாராவது சொன்னால், அந்த நல்ல மனுஷரின் கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

கோபித்துக்கொள்வார்தான். பரவாயில்லை. பதிலுக்கு முட்டை வந்தால் மட்டும் எந்தப் பறவையுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்!